முடிவைக் கேட்காத தயாரிப்பாளர்

சினிமாக்காரர்கள் என்னை டாக்டர் என்று கூப்பிடுவார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கதைக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். அதிலும் நான் பார்ப்பது ஒரே ஒரு வியாதிதான்: கொள்ளைப் படங்கள். வங்கியை உடைப்பவன், வைரத்தைத் தூக்குபவன், ஓடுகிற ரயிலில் பெட்டியைக் கழற்றுபவன் என்று யாரைப் பற்றி யார் எழுதினாலும், அந்தத் திரைக்கதை என் மேசையில் ஒரு வாரமாவது படுத்துவிட்டுத்தான் போகும். கதையில் வரும் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் அட்டை எழுதுவேன். மூன்றே கேள்வி. இவனுக்கு என்ன வேண்டும்? எதற்குப் பயப்படுகிறான்? தனக்குத்தானே என்ன பொய் சொல்லிக்கொள்கிறான்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாதவன் ஆளே இல்லை, மேசை நாற்காலி என்று எழுதியவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு.

அந்தப் புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு நான் ரொம்பவும் சந்தோஷமாக இருந்தேன். மிட்டாய்க்காரரின் கதைக்கு அருமையான முடிவு ஒன்று தோன்றியிருந்தது. உடனே சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குப் போன் போட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது பெண் குரல். மறுபடி போட்டேன். அவள் மறுபடியும் அதையே சொன்னாள்.

மிட்டாய்க்காரர் என்பது நான் வைத்த பெயர். தன்னைத் தயாரிப்பாளர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர். ஐம்பது வயது, மெல்லிய குரல், வாயில் எப்போதும் ஒரு புளிப்பு மிட்டாய். இரண்டு மாதத்துக்கு முன் நான் நடத்திய வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கொள்ளைப் படங்களில் குற்றவாளியின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பது வகுப்பின் தலைப்பு. அன்றைக்கு எனக்கு வாய் கொஞ்சம் நீளமாகிவிட்டது. "எல்லாரும் பூட்டைப் பத்தியே யோசிக்கிறீங்க. பூட்டை யாரும் ஒடைக்கிறதில்ல. பூட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளைத்தான் ஒடைக்கிறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு லாக்கர் காப்பாளர் இருக்கார். அவரை அசைக்கிறதுக்கு வெடிமருந்து வேண்டாம், ஒரு போன் போதும்" என்றேன். கைதட்டினார்கள். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வகுப்பு முடிந்ததும் அவர் வந்து நின்றார். லாக்கர் அறையை வைத்து ஒரு படம் எடுக்கப்போவதாகவும், அந்தக் காப்பாளர் பாத்திரத்தைத்தான் கதையின் நடுவில் வைக்க ஆசைப்படுவதாகவும் சொன்னார். நான்கு முறை சந்தித்தோம். ஒவ்வொரு முறையும் நான் பேச, அவர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டே எழுதிக்கொண்டார். இப்படி ஒரு பணிவான தயாரிப்பாளரை நான் பார்த்ததே இல்லை என்று வீட்டில்கூடப் பெருமையடித்தேன்.

எனக்குத் தெரிந்த அந்த லாக்கர் காப்பாளர் என் கணவர்.

போனை வைத்துவிட்டு என் நோட்டை எடுத்தேன். நான்கு சந்திப்பிலும் அவர் கேட்ட கேள்விகளைத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன், அது என் பழக்கம். காப்பாளர் எந்தக் கிழமை தனியாக இருப்பார்? உதவியாளருக்கு லீவு என்றைக்கு? சாவிக்கொத்தை இடுப்பில் வைத்திருப்பாரா, மேசையிலா? செல்போன் இல்லாத ஆளுக்கு அவசரச் செய்தி எப்படிப் போகும்? அவர் எழுந்து போனால் மேல் மாடியிலிருந்து வேறு ஆள் இறங்கிவர எத்தனை நிமிஷம்? எல்லாம் பாத்திரத்தைப் புரிந்துகொள்ளக் கேட்டவை என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது படிக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. அவர் கேட்காத கேள்வி.

இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எந்தத் தயாரிப்பாளரும் நாற்காலியில் உட்காரும் முன்னால் கேட்கிற முதல் கேள்வி, "முடிவு என்ன? மாட்டிக்கிறாங்களா, தப்பிச்சிடுறாங்களா?" என்பதுதான். மிட்டாய்க்காரர் ஒருமுறைகூட முடிவைக் கேட்கவில்லை. ஹீரோ யார் என்று கேட்கவில்லை. பாட்டு எத்தனை என்று கேட்கவில்லை. திருடர்களுக்கு ஏன் அந்தப் பணம் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு பாத்திரம்.

கேள்விகளுக்குப் பக்கத்திலேயே என் பதில்களும் இருந்தன, எந்தக் கட்டடம் என்பது உட்பட. புதன்கிழமை, உதவியாளருக்கு வார லீவு. முதுகு வலி, அதனால் உட்காரும்போது சாவிக்கொத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். காலை பதினொன்றே காலுக்கு மேசைப் போன் அடிக்கிறது. மகளின் ஸ்கூலிலிருந்து ஒரு பெண் பேசுகிறாள். மகளுக்கு மூச்சுத் திணறல், உடனே வாருங்கள். காப்பாளர் சாவியை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடுகிறார். உள்ளே வாடிக்கையாளராக வந்து காத்திருக்கும் திருடனுக்குப் பன்னிரண்டு நிமிஷம் கிடைக்கிறது.

அந்தக் காட்சியை அவருக்கு எழுதிக் கொடுத்தபோது எனக்கே கண்ணீர் வந்தது. அவ்வளவு உண்மையாக இருக்கிறதே என்று. உண்மையாக இல்லாமல் என்ன? வீட்டிலிருந்து அப்படியே தூக்கிக் கொடுத்தால்?

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம். கிழமை புதன்.

என் மகளுக்கு ஆஸ்துமா உண்டு. அன்று காலையில்தான் லேசாக இழுத்தது. மருந்துக் குழலைப் பையில் போட்டு, "ஓடாத, குதிக்காத" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். ஆகவே முதலில் ஸ்கூலுக்குத்தான் போன் செய்தேன். ஆபீஸ் அம்மாள் என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு வகுப்புவரை நடந்து போனார். நான்கு நிமிஷம் போனில் ஏதோ ஓர் இசை ஓடியது. அந்த இசையை வாசித்தவரை அன்று முழுக்கச் சபித்தேன்.

"நல்லாத்தான் இருக்கா. கணக்கு வகுப்பு நடக்குது. பக்கத்துல இருக்கிற பொண்ணுகூட வாய் மூடாம பேசிக்கிட்டிருக்கா. அதையும் சேத்துச் சொல்லணுமா?" என்றார்.

"ஸ்கூல்ல இருந்து யாராவது என் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினீங்களா?"

"அவருக்கா? அவர் நம்பரே எங்ககிட்ட இல்லையே."

அடுத்து கணவரின் மேசைப் போன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவர் வேலை எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் யாராவது வந்தால் கூடவே உள்ளே போய், லாக்கரின் முதல் பூட்டைத் தன் சாவியால் திறந்துவிட்டு, கம்பிக் கதவுக்கு வெளியே வந்து உட்காருவார். இரண்டாவது பூட்டுக்கு வாடிக்கையாளரின் சாவி. அப்படியென்றால் இப்போது யாரோ வந்திருக்கிறார்கள். அவருடைய செல்போனோ வாசலில் இருக்கும் பெட்டியில். ஊழியர்கள் எல்லோரும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

போலீஸுக்கு ஏன் போன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். என் விரல் அந்த எண்ணுக்குப் போனது, நின்றுவிட்டது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. கொள்ளை நடந்த இடத்துக்குப் போலீஸ் வந்ததும் முதலில் தேடுவது திருடனை இல்லை, வேலியே பயிரை மேய்ந்ததா என்றுதான் பார்ப்பார்கள். திட்டம் முழுக்க என் கணவரின் முதுகு வலி, என் கணவரின் லீவுக் கணக்கு, என் கணவரின் மகள். பதினாறு வருஷம் ஒரு ஊசிகூடத் தொலையாமல் அந்த அறையைக் காத்தவரை, ஒரே போனில் நானே சந்தேகக் கூண்டில் ஏற்றுவதா? அவரிடமே நேரில் சொல்லிவிட்டால் ஒன்றுமே நடக்காமல் தடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கதையில் இப்படி ஒரு பெண் நடந்துகொண்டால், இவள் தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்கிறாள் என்று அட்டையில் எழுதியிருப்பேன்.

டாக்ஸி கிடைத்தபோது பதினொன்று பத்து. லாக்கர் கட்டடம் இருபது நிமிஷ தூரம்.

"சீக்கிரம் போங்க, உயிர் போற அவசரம்" என்றேன்.

"எல்லாருக்கும் அதான்க்கா" என்றார் டாக்ஸிக்காரர். ஆனாலும் மிதித்தார்.

மறுபடி மேசைப் போனை அழைத்தேன். இந்தத் தடவை லைன் பிஸி. யாரோ அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மகளுக்கு மூச்சு நின்றுவிடும்போல இருக்கிறது என்று, நான் எழுதிய அதே வசனத்தை, ஒரு பெண் அவர் காதில் ஓதிக்கொண்டிருக்கிறாள். துண்டித்தேன், அழைத்தேன். பிஸி. துண்டித்தேன், அழைத்தேன். பிஸி. சிக்னலில் வண்டி நின்றது. இந்நேரம் சாவியை மேசையில் போட்டுவிட்டுப் படியேறி ஓடிக்கொண்டிருப்பார், பெட்டியிலிருந்து செல்போனை எடுக்கக்கூட மறந்திருப்பார். அவர் ஓட்டம் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதே ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். அதைக்கூட எழுதிக் கொடுத்திருந்தேன், பாவி.

நிறுவனத்தின் பொது எண்ணை அழைத்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. எல்லாவற்றையும் அழுத்தினேன். பிறகு மறுபடி மேசைப் போன். பிஸி. பிஸி. பிஸி.

டாக்ஸிக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க விடாம அடிச்சிக்கிட்டே இருக்கீங்க. அந்தப் பக்கம் அவரும் உங்களுக்கே அடிச்சிக்கிட்டிருந்தா ரெண்டு பேருக்கும் பிஸிதான் வரும். கொஞ்சம் கீழ வைங்களேன்."

அவரைக் கடித்துக் குதறிவிடலாம்போல இருந்தது. அவர் எதற்கு எனக்கு அடிக்கப்போகிறார்? நான் எழுதிய காப்பாளர் யாருக்கும் போன் செய்யமாட்டான். யோசிக்கவே மாட்டான். அதுதானே அந்தப் பாத்திரம்? இருந்தாலும் வேறு வழி தெரியாமல் போனை மடியில் வைத்தேன்.

மூன்றே நொடி. போன் அடித்தது. மேசைப் போன் எண்.

"எங்கடி போன? எத்தனை தடவை அடிக்கிறது?" கணவரின் குரல் உடைந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து என்னை அவர் டி போட்டதில்லை. "பாப்பாவுக்கு மூச்சுத் திணறுதாம். ஸ்கூல்ல இருந்து போன் வந்துச்சு. எனக்கு வந்துச்சு. உனக்கு வந்துச்சா?"

"பாப்பா நல்லா இருக்கா. நான் ஸ்கூல்ல பேசிட்டேன். வகுப்புல உக்காந்து அரட்டை அடிச்சிட்டிருக்கா. அது பொய்யான போன்ங்க. நீங்க எங்க இருக்கீங்க?"

மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"என்னங்க?"

"நாற்காலியிலதான் இருக்கேன்."

"சாவி?"

"மேசையில இருந்துச்சு. இப்ப கையில."

"உள்ள யாரு இருக்கா?"

"ஒருத்தர். போன மாசம்தான் லாக்கர் எடுத்தார்." குரல் தாழ்ந்தது. "மிட்டாய் திங்கிறவர்."

நான் மிட்டாய்க்காரரைப் பற்றி வீட்டில் பெருமையடித்தேனே தவிர, மிட்டாய் விஷயத்தைச் சொன்னதில்லை. அது என் நோட்டில் மட்டும்தான் இருந்தது. கணவரோ ஏதோ யோசிப்பவர்போல, "நோட்டுல எழுதியிருந்தியே, அவரா?" என்று கேட்டார்.

"ஆமா. கம்பிக் கதவைப் பூட்டிட்டு மணியை அழுத்துங்க. உடனே!"

போனைக் கீழே வைக்காமலே அவர் எழுந்து போவது கேட்டது. நாற்காலி தேய்ந்தது. இரும்புக் கதவு இழுபட்டது. சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு அபாய மணி அலறியது, என் காதைவிட்டுப் போனைத் தூர எடுத்துப் பிடித்தேன். டாக்ஸிக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "இல்ல, போங்க" என்றேன். அழுதுகொண்டிருந்தேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது போலீஸ் வந்திருந்தது. மிட்டாய்க்காரரைக் கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து கூட்டிவந்தார்கள். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல ஒரு சத்தமும் போடாமல் நடந்தார். அவர் பையில் துளைபோடும் கருவியும், நான் எழுதிக் கொடுத்த திரைக்கதையின் நகலும் இருந்தன. என்னைக் கடக்கும்போது தலையசைத்துவிட்டுப் போனார், வகுப்பு முடிந்து போகிறவர்போல.

மேல் மாடியில் மேலாளரின் அறை. போலீஸ் ஆய்வாளர் மேசைக்குப் பின்னால், மேலாளர் ஜன்னல் ஓரம் கையைக் கட்டிக்கொண்டு. என் கணவரை உட்காரச் சொல்லவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்களைப் பாராட்டணும். அது ஒரு பக்கம்" என்றார் ஆய்வாளர். "ஆனா உங்க லீவுக் கணக்கு, சாவி வைக்கிற எடம், பொண்ணோட வியாதி, எல்லாம் அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு. உள்ள இருந்து யார் சொன்னது?"

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார். "நான்தான் எங்கயாவது உளறியிருப்பேன் சார். டீக்கடையில அப்படி இப்படிப் பேசுறது உண்டு."

அவர் டீக்கடைக்கே போகாத மனிதர். மேலாளர் ஒரு காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டார். பதினாறு வருஷத்தை அந்தப் பேனா ஒரு வரியில் அடிப்பதுபோல எனக்குப் பட்டது.

"இவர் இல்ல சார். நான்" என்றேன். நோட்டை எடுத்து மேசையில் வைத்தேன். "கேட்ட கேள்வி, சொன்ன பதில், எல்லாம் இதுல இருக்கு. கதைக்குன்னு நெனச்சுச் சொன்னேன். இவருக்கு எதுவும் தெரியாது."

ஆய்வாளர் பக்கங்களைப் புரட்டினார். நடுவில் செருகியிருந்த அட்டையை எடுத்து, படிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் சத்தமாகவே படித்துவிட்டார். "காப்பாளர். வேண்டியது: நல்ல அப்பா என்ற பெயர். பயம்: மகளுக்கு ஏதாவது ஆகும்போது பக்கத்தில் இல்லாமல் போவது. சொல்லிக்கொள்ளும் பொய்: வீட்டைக் கவனிக்காமல் வேலை வேலை என்று கிடப்பது குடும்பத்துக்காகத்தான். ஸ்கூலிலிருந்து போன் வந்தால் யோசிக்க மாட்டான். சாவியைப் போட்டுவிட்டு ஓடுவான்."

என் கணவர் கேட்டுக்கொண்டு நின்றார், ஏற்கெனவே படித்த ஒன்றைக் கேட்பவர்போல.

வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படி இறங்கும்போது பிற்பகலாகிவிட்டது. பாதிப் படியில் அவர் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"எப்பப் படிச்சீங்க?"

"நீ குளிக்கப் போறப்ப. நீ எழுதுறதையெல்லாம் படிப்பேன். சொன்னா நீ எழுத மாட்டேன்னுதான் சொல்லல. அந்தக் கேள்வியெல்லாம் பாத்தும், கதைக்குத்தானேன்னு விட்டுட்டேன்."

அவர் வானிலைச் செய்தியைத் தவிர வேறெதையும் படிக்காதவர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

"அந்தப் பொம்பளை போன் பண்ணினதும் எழுந்துட்டேன்" என்றார். "ரெண்டு அடி வெச்சேன். அப்பத்தான் தோணிச்சு. ஸ்கூல்ல இருந்து எனக்கா? ஆறு வருஷத்துல ஒரு தடவை எனக்குப் போன் பண்ணிருக்காங்களா? பாப்பாவுக்குக் கை ஒடிஞ்சப்ப உனக்குத்தான் வந்துச்சு. காய்ச்சல்னா உனக்குத்தான். எனக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தாத்தான் தெரியும். அதான் சந்தேகம் வந்துச்சு. ஒனக்கு அடிச்சுப் பாப்போம்னு உக்காந்தேன். ஒன் லைன் பிஸி. ஒன்பது நிமிஷம்."

"நல்லவேளை உக்காந்தீங்க."

"என்ன நல்லவேளை?" அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "அது நிஜமா இருந்திருந்தா? பாப்பா அங்க மூச்சுக்குத் தவிச்சிருந்தா? நான் இங்க சாவியைப் பிடிச்சுக்கிட்டு ஒன்பது நிமிஷம் உக்காந்திருக்கேன். ஒன் கதையில ஓடுறான் பாரு, அந்த ஆளு என்னைவிடத் தேவலை."

அவர் முதுகைத் தேய்த்துவிட்டேன். அவர் தடுக்கவில்லை.

விசாரணை முடியும்வரை லாக்கர் அறைக்குள் போகக்கூடாது, வாசல் கவுன்டரில் உட்காருங்கள் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அங்கே செல்போனைப் பெட்டியில் போட வேண்டியதில்லை, பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை ஸ்கூல் ஆபீஸுக்குப் போனேன். ஆபீஸ் அம்மாள் மகளின் படிவத்தைத் தேடி எடுத்தார். ஆறு வருஷத்துக்கு முன் நான் நிரப்பியது. அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் என்ற இடத்தில் இரண்டு வரி இருந்தது. முதல் வரியில் என் எண். அப்பா என்று போட்டிருந்த இரண்டாவது வரியை, அவர்தான் போனைப் பெட்டியில் போட்டுவிடுவாரே என்று நானே ஒரு கோடு கிழித்து அடித்திருந்தேன்.

புதுப் படிவம் கேட்டு வாங்கி, முதல் வரியில் அவர் எண்ணை எழுதினேன்.

"ஏன், நீங்க வெளியூர் போறீங்களா?" என்று கேட்டார் ஆபீஸ் அம்மாள்.

"இல்ல" என்றேன். "அவரும் இந்த ஊர்லதான் இருக்கார்."